அஞ்சுகத்தின் உள்ளங்கையில் சீட்டாடியவர்கள்

கல்லின் மேல் கொட்டையை இடது கை விரலால் நிறுத்திப் பிடித்து, வலது கையில் இருக்கிற கட்டையால் ஒரே ஒரு அடி, தோடு இரண்டாய்ப் பிளந்து பருப்பு முழுசாய் வெளியே வரவேண்டும், கொஞ்சம் ஓங்கிவிட்டால் பருப்பு நொறுங்கும், கொஞ்சம் பிசகிவிட்டால் விரல் நசுங்கும், இப்படி ஒரு நாளைக்கு எத்தனை கொட்டை என்று கேட்டால் அஞ்சுகத்துக்குச் சொல்லத் தெரியாது, அவள் படித்த அஞ்சாம் வகுப்பில் அத்தனை பெரிய எண் வரவில்லை. வறுத்த முந்திரிக்கொட்டையின் தோட்டிலிருந்து கறுப்பாய் ஒரு எண்ணெய் கசியும், அது பட்ட இடம் வெந்நீர் கொட்டின மாதிரி பொசுங்கும், அதனால் கொட்டை உடைக்கிற பெண்கள் வேலைக்கு உட்காரும் முன்னால் அடுப்புச் சாம்பலை அள்ளி இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் பூசிக்கொள்வார்கள், சாம்பல் இல்லாமல் கட்டையைத் தொட்டவள் அந்தக் கம்பெனியில் ஒருத்தியும் கிடையாது. பிறகு ஊருக்கெல்லாம் கேஸ் அடுப்பு வந்தது, எல்லார் வீட்டிலும் நீல நெருப்பு எரிந்தது, சோறு சீக்கிரம் வெந்தது, கண் எரியவில்லை, சட்டி கறுக்கவில்லை, எல்லாம் நல்லதுதான், ஆனால் நீல நெருப்பு தின்றுவிட்டு எதையும் மிச்சம் வைப்பதில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை, ஒரு மாசத்தில் ஊரில் ஒரு பிடி சாம்பல் கிடைக்காமல் போயிற்று. சில பெண்கள் கோயில் தட்டிலிருந்து விபூதியை மடியில் கட்டிக்கொண்டு வந்து பூசிப் பார்த்தார்கள், கை அப்போதும் பொசுங்கியது.

"சாமி சாம்பலு நெத்திக்கு மட்டுந்தான் வேல செய்யும்போலக்குது" என்று பச்சையம்மா சொன்னாள். பச்சையம்மா அஞ்சுகத்துக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து பத்து வருஷமாய் உடைக்கிறவள், கைக்கு ஈடாய் வாயும் ஓடும்.

எல்லார் கையும் வறண்டது, எல்லார் கையும் வெடித்தது, ஆனால் பிள்ளை பெற்று ஏழு மாசம் வீட்டில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பி வந்திருந்த அஞ்சுகத்தின் கை மெத்தென்று இருந்ததால் அதுதான் முதலில் பிளந்தது. இடது உள்ளங்கையில் ஆள்காட்டி விரல் அடியில் மயிர் மாதிரி தொடங்கி, நூல் மாதிரி ஆகி, மணிக்கட்டு வரைக்கும் இறங்கி, ஒரு செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் நேரத்தில் ஒரு முழுப் பருப்பு அதற்குள் உருண்டு விழுந்து காணாமல் போனது. அவள் மடியை உதறினாள், பலகையைத் தூக்கிப் பார்த்தாள். அடுத்த பருப்பும் போயிற்று. அஞ்சுகத்துக்கு நாலு பேர் எதிரில் வாயைத் திறப்பதென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அதனால் அவள் மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் பருப்பு விழ விழ உடைத்துக்கொண்டிருந்தாள், நாலாம் நாள் பச்சையம்மாதான் கேட்டாள்.

"இன்னாடி, பருப்பெல்லாம் ஒங் கையிலயே கரையுது?"

"உள்ள பூடுதுக்கா."

"எதுக்குள்ள?"

அஞ்சுகம் கையை நீட்டினாள். பச்சையம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்தாள், தலையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்துப் போட்டாள், சத்தம் வரவில்லை, சீப்பைப் போட்டாள், சோற்று டப்பாவின் கரண்டியைப் போட்டாள், கடைசியில் சாக்கு தைக்கிற சணல் கண்டில் ஒரு கல்லைக் கட்டி உள்ளே விட்டாள், கண்டு முழுக்கப் போய்க்கூட கல் தரை தொடவில்லை. "ஆழந்தான்" என்று சொல்லிவிட்டுச் சணலை மறுபடி சுற்றி வைத்துவிட்டுத் தன் கல்லுக்குத் திரும்பினாள், அன்றைய கொட்டை இன்னும் அரை மூட்டை கிடந்தது.

வேலை விட்டுப் போகும்போது கம்பெனி வாசலில் மேஸ்திரி கோதண்டம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், அவர் பெண்சாதி ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, கொசுவத்தை உதறி, கொண்டையை அவிழ்த்து, டப்பாவைத் தட்டி, கையை விரிக்கச் சொல்லிப் பார்த்துத்தான் விடுவாள். அஞ்சுகம் கையை விரித்தாள். "எண்ண வையிடி, கையா இது, வெடிச்ச கரம்பு நெலமா" என்று சொல்லி மேஸ்திரி பெண்சாதி அனுப்பிவிட்டாள். அஞ்சுகம் வீட்டுக்கு வந்து முறத்தின் மேல் கையைக் கவிழ்த்துப் புறங்கையில் இரண்டு தட்டுத் தட்டினதும் நாலு நாள் பருப்பும் பொலபொலவென்று கொட்டியது, கடைசியாய் ஊசியும் சீப்பும் கரண்டியும் விழுந்தன. காலம் பூராவும் கொட்டை உடைத்து, நொறுங்கினதை மட்டுமே வாயில் போட்டுப் பழகின அந்தத் தெரு அன்றைக்குத்தான் முழு முந்திரி போட்ட பாயசம் குடித்தது, பிள்ளைகள் அதை விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்கினார்கள், திருட்டுப் பண்டம் என்று ஒருத்தருக்கும் செரிக்காமல் போகவில்லை.

பாயசத்தின் வாசனை பிடித்துக்கொண்டு ஊர் வந்தது. அஞ்சுகத்தின் நாத்தனார் தனபாக்கியம், தன் மருமகள் கண்ணில் படக்கூடாது என்று வெள்ளி அரைஞாண் கொடியைக் கொண்டுவந்து போட்டாள், கல்யாணத்துக்கு மட்டும் பல் மாட்டுகிற வாத்தியார் பல் செட்டைக் கொண்டுவந்து போட்டார், கட்டின பெண்சாதிக்குத் தெரியாத போன் ஒன்று வந்தது, மாமியார் பூட்டி வைக்கிற சர்க்கரை டப்பா வந்தது, யாருக்கும் கொடுக்கப்படாத காதல் கடிதம் பதினெட்டு வந்தது, எதிர்வீட்டுக்காரர் சாக்கில் சுற்றிப் பிராந்தி பாட்டில் கொண்டுவந்தார். போட்டவர் விரலை விட்டால் போட்ட பொருள் தானே மேலே வந்து விரலைத் தொடும், அடுத்தவர் விரலுக்கு அசையாது. கீழத்தெருவும் மேலத்தெருவும் செல்லியம்மன் மூக்குத்தியை யார் வீட்டில் வைப்பது என்று ஏழு வருஷமாய் அடித்துக்கொண்டிருந்தார்கள், கடைசியில் இரண்டு தெருக்காரர்களும் ஆளுக்கொரு விரலால் பிடித்து அதை அஞ்சுகத்தின் கைக்குள் விட்டார்கள், அன்றிலிருந்து போகிறவர் வருகிறவர் அவள் இடது கையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், வலது கையைப் பார்த்து இரண்டு குடம் தண்ணீர் தூக்கி வரச் சொன்னார்கள்.

அஞ்சுகம் தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாருக்கும் கையை நீட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் சோறு போடும்போது அவள் புருஷன் வடமலைக்கு உள்ளங்கையிலிருந்து பிராந்தி வாசனை வந்தது. வடமலை டிராக்டர் ஓட்டுகிறவன், நல்லவன்தான், ஆனால் ஒரு வாசனை வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் இருக்க முடியாதவன். விரலை விட்டுப் பார்த்தான், அது அவன் பாட்டில் இல்லை என்பதால் வரவில்லை, கையை விட்டான், தோளை விட்டான், "இரு, வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தலையோடு உள்ளே போய்விட்டான், செருப்பு இரண்டும் வெளியே கிடந்தது. அவன் சாப்பிட்டு முடிக்கிற நேரம் ஆனபிறகு வெளியே வந்து ஏப்பம் விட்டான்.

"உள்ள நல்லா குளுமையா இருக்குது. பாயி ஒண்ணு இருந்தா தேவல."

அவள் பாயைச் சுருட்டி உள்ளே விட்டாள். மறுநாள் அவனோடு நாலு பேர் போனார்கள், அதற்கு மறுநாள் சீட்டுக்கட்டு போனது. மேஸ்திரி கோதண்டம், முதலாளிக்குத் தெரியாமல் இரண்டு மூட்டை பருப்பை அவள் கையில் ஒளிக்க வந்தவர், மூட்டையை வைத்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போய் ஆட்டத்தில் உட்கார்ந்துவிட்டார். அஞ்சுகம் கம்பெனியில் கட்டையை ஓங்குவாள், கைக்குள் ஆறு ஆம்பளைகள் சிரிப்பார்கள், கட்டையை இறக்குவாள், உள்ளேயிருந்து "மெதுவா அடி, பாட்டிலு ஆடுது" என்று சத்தம் வரும்.

"ஒம் புருசன் தோத்துட்டான்டி, தலயில அடிச்சிக்கற சத்தம் கேக்குது" என்பாள் பச்சையம்மா.

அந்தந்த வீட்டுப் பெண்கள் தேடிக்கொண்டு வருவார்கள், அஞ்சுகத்தின் கையைப் பிடித்து வாயருகில் வைத்து, "யோவ், மாட்டுக்குத் தண்ணி காட்ட வேணாமா" என்பார்கள், உள்ளேயிருந்து "இதோ, ஒரு ஆட்டம்" என்று வரும், அந்த ஒரு ஆட்டம் ஒருநாளும் கடைசி ஆட்டமாய் இருந்ததில்லை. தெருவில் இதை யாரும் அதிசயமாய்ப் பேசவில்லை. கடைத்தெருவுக்குப் போய்க் குடித்துவிட்டு வழியில் விழுந்து கிடப்பதற்கு அஞ்சுகம் கைக்குள் இருப்பது தேவலை, தேட வேண்டியதில்லை என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

அஞ்சுகத்துக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பத்து மாசத்துப் பெண்பிள்ளை மகிழினியை இரண்டு கையாலும் தூக்கவேண்டும். வேலைக்குப் போன நாளிலிருந்து அது முடியவில்லை, இடது கை பட்டாலே உப்புத்தாள் தேய்த்த மாதிரி பிள்ளையின் கன்னம் சிவந்துவிடும், அதனால் வலது கையால் மட்டும் தூக்கி இடுப்பில் செருகிக்கொள்வாள், குளிப்பாட்டும்போது முட்டியாலும் முழங்கையாலும் பிடித்துக்கொள்வாள். இப்போது பிள்ளை தவழ ஆரம்பித்திருந்தது, எந்த ஓட்டையைப் பார்த்தாலும் விரலை விடுகிற வயசு, ஒருநாள் குளிப்பாட்டும்போது வலது கால் கணுக்கால் வரைக்கும் வெடிப்புக்குள் போய்விட்டது. இழுத்து எடுத்தபோது கொலுசில் பிராந்தி வாசனை அடித்தது.

மறுநாள் அவள் கம்பெனிக்குப் போகவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்சம்மா கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், இருமல் இருக்கிறதா என்று கேட்கிற குரலில் கேட்டாள்:

"உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"எங்க வூட்டுக்காரரும் இன்னும் அஞ்சு பேரும்."

"முந்திரிப் பக்கத்துலேருந்து இந்த வருசம் மூணு கை பாத்துட்டேன், ஒண்ணுல ஆட்டுக்குட்டி இருந்துது. இங்க பாரு, சோப்பு போடாத, வெந்நீர் வேணாம், வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் கைய வெய்யி, துணியால ஒத்தி எடு, ஈரம் காயறதுக்குள்ள இந்தக் களிம்பத் தடவு, மேல பருத்தித் துணியில ஒற தச்சி மாட்டிக்க. காலையில ஒருவாட்டி, வேல முடிஞ்சி ஒருவாட்டி, படுக்கப்போறப்ப ஒருவாட்டி. கொட்டய வெறுங்கையால தொடாத. முக்கியமா கைய அகட்டாத, அகட்டுனா சேர்ந்தது திரும்பப் பொளந்துக்கும்."

"உள்ள இருக்கறவங்க?"

"சொல்லிட்டுத் தடவு."

அஞ்சுகம் வீட்டுக்கு வந்து உள்ளங்கையைப் பார்த்து மெதுவாய்ச் சொன்னாள், களிம்பு தடவப் போறேன், வெளிய வந்துடுங்க. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை, உள்ளே எங்கே கேட்கப் போகிறது. தடவினாள். ஊருக்குத்தான் முதலில் கேட்டது. தனபாக்கியம் வந்து களிம்பு டப்பாவைப் பரண்மேல் தூக்கிப் போட்டாள், "எங் கொடிய எங்கடி வெப்பேன், எம் மருமவ மோப்பம் புடிக்கறவ" என்றாள். கீழத்தெருவும் மேலத்தெருவும் ஏழு வருஷத்தில் முதல் தடவையாய் ஒன்றாய் நடந்து வந்து, செல்லியம்மன் திருவிழா முடிகிற வரைக்கும் கையை ஆற வைக்கக்கூடாது என்று சொன்னார்கள். நல்லெண்ணெய் வேண்டாம், மஞ்சள் வேண்டாம், மருதாணி கூடவே கூடாது, கட்டுக்கழுத்தி மஞ்சள் பூசாமல் இருந்தாலும் பரவாயில்லை, அம்மன் ஒன்றும் நினைக்கமாட்டாள் என்று அம்மன் சார்பில் அவர்களே சொன்னார்கள். சாயங்காலம் வடமலை தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

"இன்னிக்கி ஒரு நாளு தடவாத அஞ்சுகம். வழுக்குது. நான் செயிக்கற நேரம்."

அவளும் ஒரு நாள் தடவவில்லை. மறுநாள் காலையில் கொட்டை உடைத்தாள், சாயங்காலம் கை வாசல் கதவு மாதிரி திறந்து கிடந்தது, வீட்டுக்கு வந்து கீழே உட்கார்ந்து கையை ஊன்றினாள், தவழ்ந்து வந்த மகிழினி அம்மா கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தலையைக் குனியாமல் காலை முன்னால் வைத்து, இடுப்பு வரைக்கும் உள்ளே இறங்கிவிட்டாள்.  அஞ்சுகம் பிள்ளையின் அக்குளில் வலது கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள், உள்ளேயிருந்து யாரோ "அட, குட்டி வந்திருக்குது, ஒரு கை குறையுது, வெளாடுமா" என்றார்கள், அவள் இழுத்தாள், பிள்ளை வழுக்கியது, பல்லால் சட்டையைக் கவ்விக்கொண்டு இழுத்தாள், பொத்தான் தெறித்தது, பிள்ளை பொதக்கென்று மடியில் வந்து விழுந்தது. கையில் ஒரு இஸ்பேட் ராணியைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு, நல்ல இடத்திலிருந்து ஏன் இழுத்தாய் என்கிற மாதிரி அழுதது.

அஞ்சுகம் வெகு நேரம் பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு ஏணி போட்டுப் பரணில் ஏறிக் களிம்பு டப்பாவை எடுத்தாள், வடமலையின் நல்ல வேட்டியைக் கிழித்து இரண்டு கைக்கும் உறை தைத்தாள், பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டுத் தெருவில் போய் நின்றாள். வெட்கத்தில் காது மடல் சுட்டது, கண் தரையில்தான் இருந்தது, ஆனாலும் சொன்னாள்.

"அவங்கவங்க பொருள அவங்கவங்க எடுத்துக்கங்க. நான் தடவறேன்."

 பிறகு உள்ளே இருக்கிற ஆறு பேரில் மூன்று பேரின் பெண்சாதிகள் வீட்டிலிருந்து விளக்கெண்ணெய் கொண்டுவந்து, "இதயும் சேத்துத் தடவு" என்றார்கள், பச்சையம்மா சொந்தச் செலவில் குங்கிலிய வெண்ணெய் வாங்கி வந்தாள். கோதண்டத்தின் பெண்சாதி அஞ்சுகத்தின் கையைப் பிடித்து விரித்து, அதே வாசல் சோதனைப் பார்வையில் உற்றுப் பார்த்து, "வெளிய வாய்யா, ஒன்ன உதறிப் பாக்கணும்" என்றாள். தனபாக்கியம் புலம்பிக்கொண்டே கொடியை எடுத்துக்கொண்டு போனாள், வாத்தியார் பல்லை எடுத்து அங்கேயே மாட்டிக்கொண்டார், காதல் கடிதத்தை எடுக்க மட்டும் யாரும் வரவில்லை.

களிம்பு வேலை செய்தது. நாளுக்கு ஒரு நெல் அகலம் வெடிப்பு சேர்ந்தது, உள்ளே இருட்டு கூடியது, சீட்டில் படம் தெரியவில்லை என்று ஆம்பளைகள் ஒவ்வொருவராய் வெளியே வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர்கள் சட்டை கசங்கி வந்தார்கள், அடுத்து வந்தவர்கள் நெஞ்சு ஒட்டி வந்தார்கள். கோதண்டம் வயிற்றோடு சிக்கிக்கொண்டார், இரண்டு பேர் கழுத்தைப் பிடித்து இழுத்ததில் தொப்பை உள்ளேயே நின்றுவிட்டது, ஆள் மட்டும் வந்தார், வந்தவர் மூக்கில் செல்லியம்மனின் மூக்குத்தி மின்னியது, சீட்டில் செயித்தேன் என்றார். திட்டுவதா கும்பிடுவதா தெரியாமல் இரண்டு தெருவும் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு மூக்கோடு சேர்த்து அவரைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அவருடைய இரண்டு மூட்டை பருப்பு அஞ்சுகத்தின் கைக்குள் கிடப்பதைப் பச்சையம்மா அவர் காதில் மட்டும் ஞாபகப்படுத்தினாள், அதற்கடுத்த திங்கட்கிழமை கம்பெனியில் எல்லாப் பெண்களுக்கும் ரப்பர் உறையும் ஒரு டின் விளக்கெண்ணெயும் வந்தது, முதலாளிக்குத் திடீரென்று இரக்கம் வந்துவிட்டதாய்க் கோதண்டம் சொன்னார்.

வடமலை மட்டும் வரவில்லை. தனியாய் உட்கார்ந்து தனக்கும் தனக்கும் சீட்டுப் போட்டு ஆடி, இரண்டு பக்கமும் செயித்துக்கொண்டிருந்தான். பதினாலாம் நாள் வெடிப்பு நூல் அளவு ஆனபோது நாலு விரல் நுனி வெளியே தெரிந்தது.

"அஞ்சுகம், கைய கொஞ்சம் அகட்டு, வந்துடறேன்."

தெரு கூடிவிட்டது. தனபாக்கியம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அகட்டுடி, எந் தம்பிடி அவன், கையி இன்னிக்கி வெடிச்சா நாளைக்கி ஆறும்."

"அகட்டுனா திரும்பப் பொளந்துக்கும் அண்ணி."

"பொளந்தா இன்னா, புருசன் பெருசா கையி பெருசா?"

அஞ்சுகம் தூளியைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். பிறகு குனிந்து உள்ளங்கையில் வாயை வைத்து, பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"மாட்டேங்க. நீங்க ஒடுங்கி வாங்க."

 பிறகு மூச்சை வெளியே விடுகிற சத்தம் கேட்டது, நீளமாய், டிராக்டர் டயரில் காற்று இறங்குகிற மாதிரி, அதற்குப் பின்னால் விரல் வந்தது, கை வந்தது, தலை வந்தது, முழு ஆளும் வந்தான், முன்னால் இருந்து பார்த்தால் வடமலை, பக்கத்தில் இருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை, அப்பளம். அஞ்சுகம் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடுத்து, ஒத்தி, களிம்பைத் தடவினாள், நூல் சேர்ந்துவிட்டது. பச்சையம்மாவும் அவளும் வடமலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொண்டுபோய்த் துணி காயப்போடுகிற கொடியில் போட்டு இரண்டு தோளிலும் கிளிப் மாட்டினார்கள், வெயில் பட்டால் உப்பிவிடும் என்று பச்சையம்மா சொன்னாள், அவள் சொன்ன மாதிரியே மத்தியானத்துக்குள் முட்டி வரைக்கும் உப்பியிருந்தான்.

"புருசன கொடியில காயப்போட்டவ ஜில்லாவுலயே நீ ஒருத்திதாண்டி" என்று தனபாக்கியம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"கால இன்னும் கொஞ்சம் திருப்பிப் போடு, நெழலு விழுது" என்றான் வடமலை. அவள் திருப்பிப் போட்டாள். அவன் காற்றில் லேசாய் ஆடினான். "அஞ்சுகம், கோச்சிக்காத. சீட்டுக்கட்டு உள்ளயே மாட்டிக்கிச்சி. ஞாயித்துக்கெழம மட்டும் சின்னதா ஒரு வழி வுட்டு வெய்யேன். யாருக்கும் தெரிய வேணாம்."

அஞ்சுகம் அடுத்த கிளிப்பை வாயிலிருந்து எடுத்து அவன் காதோரம் மாட்டினாள், அவன் அந்தப் பக்கம் திரும்பிவிடாமல் இருக்கட்டும் என்று. அவள் இதுவரைக்கும் அவனிடம் ஒரு மூச்சில் நாலு வார்த்தைக்கு மேல் பேசினதில்லை, இப்போது கொடியில் தொங்குகிறவனிடம் பேசுவது சுலபமாய் இருந்தது, அவன் எழுந்து போக முடியாது.

"ஞாயித்துக்கெழமயும் கெடையாது, திங்கக்கெழமயும் கெடையாதுங்க, சீட்டு ஆடணும்னா ஒங்களுக்கும் ரெண்டு கையி இருக்குது, நாளைக்கே எங்கூட வந்து எம் பக்கத்துக் கல்லுல ஒக்காருங்க, சாம்பலு இல்லாம, ஒறயும் இல்லாம, வெடிக்கற வரைக்கும் கொட்ட ஒடைங்க, அப்பறம் ஒங்க கைக்குள்ளயே நீங்க எறங்கி ஆடிக்கங்க, நான் சோறு எடுத்தாந்து உள்ள போடறேன், இல்லன்னா ஒண்ணு பண்ணுங்க, நான் இன்னா சொல்லவர்றன்னா" என்று அவள் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே தூளி ஆடியது, மகிழினி விழித்துக்கொண்டு ம்மா என்று ஒரு தடவை கூப்பிட்டாள், பதில் வராததால் இன்னொரு தடவை ஓங்கிக் கூப்பிட்டாள், அஞ்சுகம் பேச்சைக் கொடியிலேயே விட்டுவிட்டு வேட்டித் துணி உறை இரண்டையும் உருவிப் போட்டுக்கொண்டே ஓடி, தூளியை விலக்கி, வலது கையைப் பிள்ளையின் முதுகுக்கும் இடது கையைத் தொடைக்கும் அடியில் கொடுத்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள்.